ராம்னிக்கு எதிரான விளம்பரத்தில் இந்தியா எதற்காக வந்தது?

கல்மண்டபம் இரவுப்பணி எழுதியது:

வணக்கம். ராயபுரத்தில் வசிக்கிறேன். மெடிக்கல் பில்லிங் நிறுவனம் ஒன்றில், அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களைத் தொலைபேசியில் அழைத்து மருத்துவமனைகளுக்கு வரவேண்டிய பாக்கியைக் கேட்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். தொலைநிலைக் கல்வியில் அரசியல் அறிவியல் முதுகலையும் படிக்கிறேன். அதற்கான கட்டுரைக்கு, 2012 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒபாமா தரப்பு மிட் ராம்னிக்கு எதிராக வெளியிட்ட அவுட்சோர்சிங் விளம்பரத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த விளம்பரம் வெளிவந்த ஜூலை மாதத்தில், இரவுச் சாப்பாட்டு இடைவேளையின்போது உடன் பணிபுரிபவர் ஒருவர் அதைக் கணினியில் போட்டுக் காட்டினார். ராம்னி ஏதோ ஒரு பிரச்சாரக் கூட்டத்தில் சுருதி சேராமல் தேசபக்திப் பாடல் ஒன்றைப் பாடிக்கொண்டிருக்கிறார். திரையில் ஆளில்லாத தொழிற்கூடங்களும் காலி அலுவலகங்களும் வந்துபோகின்றன. அவருடைய நிறுவனங்கள் மெக்சிகோவுக்கும் சீனாவுக்கும் வேலைகளை அனுப்பின என்றும், ஆளுநராக இருந்தபோது அவர் இந்தியாவுக்கு வேலைகளை அனுப்பினார் என்றும் எழுத்துகள் தோன்றுகின்றன. 'இந்தியா' என்ற சொல் வந்ததும் நாங்கள் கைதட்டிச் சிரித்தோம். இடைவேளை முடிந்ததும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அமெரிக்காவுக்கே போன் செய்யத் தொடங்கினோம்.

அந்தக் குற்றச்சாட்டில் உண்மை எவ்வளவு? முப்பது நொடிகளுக்குள் ஒருவர்மீது இப்படி அடுக்கிவிட்டுப் போவதற்கு அந்நாட்டுச் சட்டம் எவ்வாறு இடம் தருகிறது? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஏழுகிணறு வாசகன் எழுதியது:

இந்தியா பற்றிய வரியை முதலில் எடுத்துக்கொள்வோம். ராம்னி 2003 முதல் 2007 வரை மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்தார். அம்மாநிலத்தில் அரசின் உணவு உதவி பெறும் ஏழைகள் சந்தேகம் கேட்பதற்காக அழைக்கும் தொலைபேசிச் சேவையை ஏற்று நடத்திய ஒப்பந்த நிறுவனம், அந்த அழைப்புகளை இந்தியாவிலிருந்து கையாண்டது. வெளிநாட்டுக்கு வேலையைக் கொண்டுபோகும் நிறுவனங்களுக்கு மாநில அரசு ஒப்பந்தம் தரக்கூடாது என்று சட்டமன்றம் 2004இல் கொண்டுவந்த ஏற்பாட்டை ராம்னி தம் வீட்டோ அதிகாரத்தால் நிறுத்தினார். அதாவது, வேலையை அவர் கையோடு எடுத்து அனுப்பவில்லை. அனுப்புவதைத் தடுக்க மறுத்தார். இந்த வேறுபாட்டை விளக்க ஒரு பத்தி வேண்டும், விளம்பரத்திலோ ஒரு வினைச்சொல்லுக்குத்தான் இடமிருந்தது.

மெக்சிகோ, சீனா பற்றிய வரி இதைவிடச் சிக்கலானது. ராம்னி 1984இல் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கிய பெயின் கேப்பிடல் என்ற முதலீட்டு நிறுவனம், பிற நிறுவனங்களின் வேலைகளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக உதவிய நிறுவனங்களில் பணம் போட்டிருந்தது என்று வாஷிங்டன் போஸ்ட் 2012 ஜூனில் எழுதியது. அச்செய்தியைத் திரும்பப் பெறுமாறு ராம்னி தரப்பு கேட்டது; பத்திரிகை மறுத்துவிட்டது. அவுட்சோர்சிங் வேறு, ஆஃப்ஷோரிங் வேறு என்பது ராம்னி தரப்பின் வாதம். நம் பக்கத்து உதாரணத்தில் சொல்வதானால், மணலியில் உள்ள ஒரு தொழிற்சாலை தன் கேன்டீனை வெளியாளிடம் காண்ட்ராக்ட் விடுவது முதலாவது. அந்தத் தொழிற்சாலையையே பெயர்த்து வெளிநாட்டில் வைப்பது இரண்டாவது. வாதம் சரியானதுதான். ஆனால் வேலை இழந்தவரிடம் போய், உங்கள் வேலை எந்த வகையில் போனது என்று இலக்கணம் சொல்லிக்கொண்டிருப்பது தேர்தல் காலத்தில் எடுபடவில்லை.

காலக்கணக்கிலும் தகராறு உண்டு. சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கை நடத்துவதற்காக 1999 பிப்ரவரியிலேயே நிறுவனத்தின் அன்றாடப் பொறுப்பிலிருந்து விலகிவிட்டதாக ராம்னி கூறினார். அதற்குப் பிறகும், 2002 வரை, அரசிடம் தாக்கலான ஆவணங்களில் அவரே உரிமையாளராகவும் தலைமைச் செயல் அதிகாரியாகவும் காட்டப்பட்டிருந்தார் என்று பாஸ்டன் குளோப் வெளியிட்டது. உண்மை சரிபார்ப்பவர்கள் பெரும்பாலும் ராம்னியின் பக்கமே நின்றார்கள். வாஷிங்டன் போஸ்டின் சரிபார்ப்புப் பகுதியேகூட, மேற்சொன்ன செய்தி வந்த அதே ஜூனில், ஒபாமா தரப்பின் அவுட்சோர்சிங் விளம்பரம் ஒன்றுக்கு மிகக் கடுமையான மதிப்பீட்டை அளித்தது.

ஒபாமாவுக்கு இந்தப் பல்லவி புதிதல்ல. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் வேலையை உருவாக்குவதைவிடப் பெங்களூரில் உருவாக்கினால் குறைந்த வரி என்ற நிலை மாறவேண்டும் என்று 2009 மே மாதத்திலேயே பேசியவர் அவர். பஃபலோவுக்குச் சென்னை மோனையாகாததால் நம் ஊர் தப்பித்தது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

பெரம்பூர் பென்ஷனர் எழுதியது:

ஏழுகிணறு அன்பர் கணக்கைச் சரியாகச் சொன்னார். ஆனால் அந்தக் கோடைக்கால விளம்பரங்களில் என் நினைவில் நிற்பது வேறொன்று. அதில் இந்தியாவும் இல்லை, சீனாவும் இல்லை. ஒபாமாவை ஆதரித்த பிரையாரிட்டீஸ் யூஎஸ்ஏ ஆக்‌ஷன் என்ற அமைப்பு வெளியிட்ட அந்த விளம்பரத்தில், இண்டியானா மாநிலத்தின் மேரியன் ஊரில் காகிதப் பொருள் தயாரித்த, ராம்னியின் பெயின் கேப்பிடல் வசமிருந்த ஆலையின் தொழிலாளி ஒருவர் பேசுகிறார். ஒரு நாள் முப்பது அடி மேடை ஒன்றைக் கட்டச் சொன்னார்களாம். எதற்கென்று தெரியாமலேயே கட்டியிருக்கிறார்கள். சில நாள்களில் அந்த மேடையில் ஏறி நின்றுதான் ஆலை மூடப்படுவதையும் எல்லோருக்கும் வேலை போனதையும் அறிவித்தார்களாம். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

நான் அதைப் பார்த்த இரவில் என் தகப்பனாரை நினைத்துக்கொண்டேன். அவர் எங்கள் பகுதித் துணி ஆலை ஒன்றில் தறிப் பிரிவில் இருந்தவர். எங்களுக்கு மேடையெல்லாம் கிடையாது, கேட்டில் ஒட்டிய நோட்டீஸ்தான். அதன்பிறகும் பல மாதங்கள் அவர் காலை ஷிப்டுக்கு எழுந்திருக்கும் நேரத்தில் எழுந்து, சவரம் செய்துகொண்டு, திண்ணையில் உட்கார்ந்திருப்பார். எங்கள் வேலை எந்த நாட்டுக்கும் போகவில்லை. ஆனாலும் மேரியன் தொழிலாளி பேசியதில் ஒரு சொல்லும் எனக்கு அந்நியமாகப் படவில்லை.

ஆகவே, அம்மா, உங்கள் கட்டுரையில் இதைக் கவனியுங்கள். அந்த விளம்பரங்கள் குறிவைத்தது நம்மை அல்ல, கதவைச் சாத்திவிட்டுப் போகும் முதலாளியை. நீங்கள் கைதட்டியதில் பிழையில்லை. என் பேத்தியும் உங்களைப் போலத்தான் இரவு வண்டிக்குக் காத்திருக்கிறாள்.

வண்ணை வழக்காடி எழுதியது:

சட்டக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அமெரிக்காவின் 1934ஆம் ஆண்டுத் தகவல் தொடர்புச் சட்டத்தின் 315ஆம் பிரிவின்படி, வேட்பாளர் தரும் விளம்பரத்தில் ஒரு சொல்லையும் ஒளிபரப்பு நிலையம் தணிக்கை செய்ய முடியாது. பொய் என்று தெரிந்தாலும் ஒளிபரப்பியே ஆகவேண்டும். பென்ஷனர் ஐயா குறிப்பிட்டதைப் போன்ற வெளி அமைப்புகளின் விளம்பரங்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. நிலையம் விரும்பினால் மறுக்கலாம். ஆனால் 2010இல் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, இத்தகைய அமைப்புகள் வரம்பின்றிப் பணம் திரட்டிச் செலவழிக்க வழி பிறந்துவிட்டது. இந்த விளம்பரத்துக்கு நான் ஒப்புதல் அளித்தேன் என்று வேட்பாளர் தம் குரலில் சொல்லவேண்டும் என்ற விதி 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. சேற்றை வாரி இறைப்பவர் கூச்சப்பட்டாவது குறைத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தார்கள். கூச்சம் வந்ததாகத் தெரியவில்லை.

இங்கே நிலைமை வேறு. உச்ச நீதிமன்றத்தின் 2004 ஏப்ரல் ஆணைப்படி, தொலைக்காட்சியில் வரும் அரசியல் விளம்பரம் ஒவ்வொன்றும் முன்கூட்டியே சான்று பெறவேண்டும். வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தையைப் பற்றித் தெரிந்தே பொய் பரப்புவது, 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(4) பிரிவின்படி தேர்தலையே ரத்து செய்யக்கூடிய முறைகேடு. இவ்வளவு இருந்தும் நம் தெருமுனைக் கூட்டங்களில் என்ன பேசப்படுகிறது என்பதைத் தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கல்மண்டபம் இரவுப்பணி எழுதியது:

மூவருக்கும் நன்றி. பென்ஷனர் ஐயா எழுதியதை இருமுறை படித்தேன். கட்டுரையின் முதல் பகுதியை மாற்றி எழுத வேண்டியிருக்கும். ஒன்று மட்டும் இன்னும் புரியவில்லை. இப்படித் தாக்கியதால்தான் ஒபாமா வென்றார் என்று எழுதலாமா?

ஏழுகிணறு வாசகன் எழுதியது:

எழுதாதீர்கள். எதிர்மறைப் பிரச்சாரம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மூன்று அறிஞர்கள் 2007இல் வந்த முடிவு, அத்தகைய விளம்பரம் நினைவில் நன்றாகத் தங்குகிறது, ஆனால் அதனால் வாக்கு சேர்கிறது என்பதற்குச் சான்றில்லை என்பதே. மாநிலவாரியாகக் கிடைத்து அதிபரை முடிவுசெய்யும் தேர்வாளர் வாக்குகளில் ஒபாமா 332ம் ராம்னி 206ம் பெற்றதற்குப் பொருளாதாரம், கார் நிறுவனங்களை அரசு மீட்டது எனப் பல காரணங்கள் உண்டு.

ராம்னி தரப்பு அதே ஆயுதத்தைத் திருப்பிப் பிடித்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்டோபர் இறுதியில் ஒஹையோவில் வந்த அவர்களுடைய விளம்பரம், ஒபாமா கிரைஸ்லர் கார் நிறுவனத்தை இத்தாலியர்களிடம் விற்றார், அவர்கள் ஜீப்பைச் சீனாவில் தயாரிக்கப்போகிறார்கள் என்றது. சீனச் சந்தைக்கான ஜீப்பைச் சீனாவில் தயாரிக்கும் திட்டம் இருந்தது மெய்யே. ஆனால் ஒஹையோவின் டொலீடோ நகரிலுள்ள ஜீப் ஆலையின் வேலை பறிபோகப்போகிறது என்றுதான் அதைக் கேட்டவர் எவரும் புரிந்துகொள்வார். அமெரிக்காவிலிருந்து ஜீப் உற்பத்தியை மாற்றப்போவதில்லை என்று கிரைஸ்லரின் தலைமை அதிகாரி செர்ஜியோ மார்ச்சியோனே தம் ஊழியர்களுக்கே கடிதம் எழுத நேர்ந்தது. சில நாள்களில் ஒஹையோவின் 18 தேர்வாளர் வாக்குகளும் ஒபாமாவுக்குப் போயின. அந்த விளம்பரத்தில் தனித்தனியே பொய் என்று வெட்டி எடுக்கக்கூடிய வரி எது என்று தேடிப்பாருங்கள். உங்கள் கட்டுரைக்கு ராம்னியின் பாட்டைவிட இது அதிகம் உதவும்.