மல்லிகா வின்னிபெக் போகிறாள்: 'தெற்குத் தெரு வீடு' குழு

நந்தினி: எல்லோருக்கும் வணக்கம். இங்கே கனடாவில் காலை 8 மணி, இன்னும் விடியவில்லை. மைனஸ் 27. என் பிரசவத்துக்கு வரும் அம்மாவுக்கு ஜனவரி 9 டிக்கெட் உறுதியாகிவிட்டது. பெட்டியில் என்ன வைப்பது என்று இன்றைக்கே பேசி முடித்துவிடலாம்.

செல்வம்: மைனஸ் 27 ஆ?

விஜயா: ஐயோ.

கார்த்திக்: சிங்கப்பூரில் இரவு 10 மணிக்கும் 27. மைனஸ் இல்லாமல்.

செல்வம்: அக்கா, இந்த வயதில் அந்தக் குளிருக்குப் போகத்தான் வேண்டுமா? மார்ச்சில் போகலாமே.

மல்லிகா: பிள்ளை மார்ச் வரைக்கும் பொறுத்திருக்குமா செல்வம்?

சங்கரன்: மல்லிகா, பயப்படாதே. ஏன் அவ்வளவு குளிர் என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். வின்னிபெக் இருப்பது ஏறத்தாழ 50 பாகை வட அட்சரேகையில். அருண் இருக்கும் லண்டன் அதற்கும் வடக்கே, 51.5 பாகை. ஆனால் ஜனவரியில் லண்டனின் சராசரி 5 டிகிரி, வின்னிபெக்கின் சராசரி மைனஸ் 16. வடக்கே இருக்கும் ஊர் வெதுவெதுப்பு, தெற்கே இருக்கும் ஊர் உறைகிறது!

அருண்: இங்கே 6 டிகிரி. மழை.

விஜயா: அண்ணா, அவள் கேட்டது பெட்டியில் என்ன வைப்பது என்று.

சங்கரன்: அதற்குத்தான் வருகிறேன். லண்டனுக்கு மேற்கே அட்லாண்டிக் பெருங்கடல். கோடையில் வாங்கிவைத்த வெப்பத்தைக் கடல் மெல்ல மெல்ல விடும். மேலைக்காற்று அதைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். வின்னிபெக் கண்டத்தின் நட்ட நடுவில் இருக்கிறது. வடக்கிலிருந்து வரும் காற்றுக்குக் குறுக்கே ஒரு மலை கிடையாது, சமவெளி. நமக்கு வடக்கே இமயமலை நிற்கிறது, அவர்களுக்கு யாரும் இல்லை. ஆகவே அது வறண்ட குளிர். குடை வேண்டாம். தேங்காய் எண்ணெய் கட்டாயம் வேண்டும்.

நந்தினி: பெரிய மாமா சொல்வது சரி, வறட்சிதான் பெரிய தொல்லை. அந்தக் காற்றை வீட்டுக்குள் சூடாக்கும்போது இன்னும் வறண்டுவிடுகிறது. உதடு வெடிக்கிறது, மூக்கில் இரத்தம் கசிகிறது, கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது. ஆனால் தேங்காய் எண்ணெய் இங்கே எப்போதும் உறைந்தே இருக்கும், வீட்டுக்குள் 21 டிகிரிதானே. குறுகிய வாய் பாட்டிலில் கொண்டுவந்தால் கரண்டிக் காம்பை விட்டுக் குடைய வேண்டியிருக்கும். அகன்ற வாய் டப்பாவில் கொஞ்சம் போதும். நல்லெண்ணெய் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா.

மல்லிகா: வீட்டுக்குள் 21 என்றால் சேலையே கட்டலாமே?

நந்தினி: வீட்டில் தாராளமாகக் கட்டலாம். வெளியே வேண்டாம். சேலை ஓரம் பனியில் நனைந்தால் வாசல் வருவதற்குள் அப்பளம் மாதிரி விறைத்துவிடும். தட்டினால் சத்தம் கேட்கும்.

விஜயா: இங்கே ஊட்டியிலும் காலையில் புல்லெல்லாம் வெள்ளை. தலைக்குந்தா பக்கம் கார்க் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

செல்வம்: உடனே ஊட்டி வந்துவிட்டது.

விஜயா: ஊட்டிக் குளிருக்கு வாங்கிய என் கம்பளிக் கோட்டு எங்கே செல்வம்? காஷ்மீர் போகும்போது வாங்கிக்கொண்டு போனாயே.

செல்வம்: திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

விஜயா: கொடுத்தது குரங்குக் குல்லா மட்டும்.

மல்லிகா: அந்தக் கோட்டு கிடைத்தால் எனக்குப் போதுமே. எதற்குப் புதிதாக வாங்க வேண்டும்?

நந்தினி: போதாது அம்மா. கோட்டும் பூட்ஸும் இங்கே வாங்கிவிட்டேன். உங்கள் மாப்பிள்ளை விமான நிலையத்துக்கே எடுத்து வருவார். உள்ளே போட மட்டும் கம்பளி அல்லது தெர்மல் உடுப்பு கொண்டுவாருங்கள். பருத்தி வேண்டாம், வியர்வையை உறிஞ்சிவைத்துக்கொண்டு பிறகு அதுவே குளிர்விக்கும். விரல் விரலாகப் பிரிந்த கையுறையும் வேண்டாம். நான்கு விரலும் ஒரே பைக்குள் சேர்ந்திருந்தால்தான் சூடு தங்கும்.

மல்லிகா: போன வாரம் நீ மைனஸ் 40 என்றாயே, இப்போது 27 என்கிறாய்?

நந்தினி: அது காற்றோடு சேர்த்து, அம்மா.

சங்கரன்: நான் சொல்கிறேன். வெப்பமானி மைனஸ் 20 காட்டும்போது 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் உடம்புக்கு அது மைனஸ் 33. தோலை ஒட்டி ஒரு மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப் படலம் இருக்கும். காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும், உடம்பு மறுபடி மறுபடி சூடாக்க வேண்டும். இப்போது கனடாவில் பயன்படுத்தும் கணக்கு 2001இல் வந்தது. உணரும் குளிர் மைனஸ் 28க்குக் கீழே போனால், மூடாத தோல் பத்திலிருந்து முப்பது நிமிடத்தில் உறைந்துபோகலாம். காது, மூக்கு நுனி, கன்னம் மூன்றையும் மூடிக்கொள். இன்னொன்று: மைனஸ் 40 மட்டும் செல்சியஸிலும் பாரன்ஹீட்டிலும் ஒரே எண்.

கார்த்திக்: மாமா, மூக்குத்தி?

விஜயா: நல்ல கேள்வி.

நந்தினி: முகத்தை மூடிக்கொண்டால் ஒன்றும் ஆகாது. கழற்ற வேண்டாம்.

மல்லிகா: சூரியன் தள்ளிப் போய்விடுவதால்தானே அண்ணா இவ்வளவு குளிர்?

சங்கரன்: இல்லை மல்லிகா, நேர் எதிர். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவதே ஜனவரி முதல் வாரத்தில்தான், ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் 15.2 கோடி. குளிருக்குக் காரணம் பூமியின் 23.5 பாகைச் சாய்வு. வெயில் சாய்ந்து விழுகிறது, பகலும் சுருங்கிவிடுகிறது.

நந்தினி: எட்டரை வாக்கில் விடியும், ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். அம்மாவுக்கு அதுதான் கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன், குளிர்கூட இல்லை. வந்த முதல் வருடம் எனக்கு அப்படித்தான் இருந்தது.

மல்லிகா: பிள்ளை இருக்கும் வீட்டில் இரவு எது, பகல் எது. நான் பார்த்துக்கொள்கிறேன்.

நந்தினி: காரைக்கூட இரவில் பிளக்கில் செருகி வைக்கிறோம்.

செல்வம்: எலக்ட்ரிக் காரா?

நந்தினி: பெட்ரோல் கார்தான் சின்ன மாமா. இஞ்சினைச் சூடாக வைக்க ஒரு ஹீட்டர். இல்லையென்றால் ஆயில் கெட்டியாகி, காலையில் கிளம்பாது.

செல்வம்: பேட்டரி தாங்குமா? என்ன ஆயில் ஊற்றுகிறார்கள்? மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல்.

மல்லிகா: செல்வம், காரை விடு. நான் மூன்று மாதம் இல்லாதபோது அம்மா எங்கே இருப்பார்கள்? அதை யாருமே கேட்கவில்லை.

விஜயா: இந்த மாதத்தில் ஊட்டி அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது அக்கா. போன தடவை மூச்சு இழுத்தது.

சங்கரன்: எங்களுக்கு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மாவால் ஏற முடிந்தால் நான் இன்றைக்கே அழைத்து வந்துவிடுவேன்.

விஜயா: செல்வம்?

செல்வம்: வீட்டில் பெயிண்ட் வேலை நடக்கிறது.

விஜயா: தீபாவளியிலிருந்து நடக்கிறது.

அருண்: அத்தை, சித்தப்பா, இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்ளுங்களேன்.

மல்லிகா: அம்மா பக்கத்தில்தான் இருக்கிறார்கள். பெயிண்ட் வாசனை பரவாயில்லையாம். பிரசவ லேகியம், சுக்கு, தொட்டில் கட்டப் பழைய நூல் சேலை இரண்டு, எல்லாம் எடுத்து வைத்தாயா என்று கேட்கிறார்கள்.

நந்தினி: ஆச்சியின் சேலையா? கட்டாயம் கொண்டுவாருங்கள் அம்மா. லேகியத்தைக் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் வையுங்கள். இறங்கியதும் உணவுப்பொருள் இருக்கிறது என்று சுங்கத்தில் சொல்லிவிட வேண்டும்.

சங்கரன்: சைபீரியாவில் வெர்கோயான்ஸ்க் என்று ஓர் ஊர். 1892இல் மைனஸ் 67.8 பதிவானது. அதே ஊரில் 2020 ஜூன் 20 அன்று 38 டிகிரி. நூறு டிகிரிக்கு மேல் வித்தியாசம். அங்கேயும் பேரப்பிள்ளைகளைக் குளிப்பாட்டி வளர்க்கிற பாட்டிகள் இருக்கிறார்கள் மல்லிகா. தைரியமாகப் போய் வா.

மல்லிகா: சரி அண்ணா.

கார்த்திக்: தெர்மல் உடுப்பு இங்கேயே வாங்கி அனுப்புகிறேன். அம்மா, எந்த அளவு?

விஜயா: சிங்கப்பூரில் அதெல்லாம் விற்பார்களா?

கார்த்திக்: வெளிநாடு போகிறவர்களுக்கென்று கடையே இருக்கிறது சித்தி.

மல்லிகா: அளவு அப்புறம் சொல்கிறேன். செல்வம், பதில் சொல்லவில்லையே.

செல்வம்: சுதாவிடம் கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன் அக்கா.

விஜயா: வரும்போது கோட்டையும் எடுத்துக்கொண்டு வா.

மல்லிகா: எந்த ஞாயிறு?

சங்கரன்: நந்தினி, அங்கே ஆறு உறைந்தால் மேலே நடப்பார்களாமே, பனிக்கட்டி எத்தனை அங்குலம் இருக்கும்?

விஜயா: அண்ணா, கொஞ்சம் பொறுங்கள். செல்வம், எந்த ஞாயிறு என்று கேட்கிறாள்.