பழைய 18 அடி ஃபைபர் போட்: பெயின்ற் அடிச்சாக் காணுமோ, பின்பலகையை வெட்டவேணுமோ?

குருநகரான்:
வணக்கம். மாமா வெளிநாடு போகேக்கை விட்டிட்டுப் போன 18 அடி ஃபைபர் போட் ஒண்டு எங்கட வளவுக்கை வேப்பமரத்துக்குக் கீழ நிமிர்ந்தபடி கிடக்கு. கனகாலம் மழைத்தண்ணி நிண்டு சருகு ஊறிப்போச்சு. துப்பரவாக்கிப் பாத்தன், வெடிப்பு ஒண்டும் இல்லை. ஆனா அடிப்பக்கத்தைக் கையாலை தடவ, அம்மாள் வருத்தம் வந்த தோல் மாதிரிப் பொக்களம் பொக்களமாய்க் கிடக்கு. ஒண்டை ஆணியாலை குத்தினன். பிசுபிசுத்த தண்ணி வடிஞ்சுது, வினாகிரி மணம். எஞ்சின் பூட்டுற பின்பலகையிலை போல்ட் ஓட்டைக்குக் கீழ மண்ணிறக் கோடு ஒண்டும் இறங்கியிருக்கு.

15 குதிரைவலு எஞ்சின் ஒண்டு பூட்டி, மண்டைதீவுப் பக்கம் பரவைக்கடலிலை தூண்டில் போடத்தான் ஆசை. கடையிலை கேட்டா, புட்டி பூசி ரெண்டு கோட் பெயின்ற் அடிக்கட்டாம். அது காணுமோ?

பாசையூர் ஃபைபர் வேலை:
தம்பி, பெயின்ற் ரின்னை இப்ப வாங்காதையும். பொக்களத்தாலை போட் தாழாது. அந்த மண்ணிறக் கோட்டைத்தான் நான் பயப்பிடுறன்.

பின்பலகை முழுக்க ஃபைபர் எண்டு நினையாதையும். உந்த வயசுப் போட்டுகளிலை உள்ளுக்கை மரம் அல்லது பிளைவூட் இருக்கும், ரெண்டு பக்கமும் ஃபைபர் தோல். போல்ட் ஓட்டையைச் சரியா அடைக்காமல் எஞ்சினை இறுக்கினா, தண்ணி ஓட்டையாலை மரத்துக்கை இறங்கும். இறங்கினது வெளிய வர வழியில்லை. மரம் உள்ளுக்கை உக்கிப்போக, வெளித்தோல் ஒண்டும் நடக்காத மாதிரி நிக்கும். அதுக்கு மேலை பெயின்ற் அடிச்சு எஞ்சினை முடுக்கினா, முழு உந்தலும் அந்த உக்கலிலைதான் விழும். பலகை கழண்டா எஞ்சினும் போகும், பின்பக்கத்தாலை தண்ணியும் ஏறும். வீட்டுச் சனத்தை ஏத்திற போட்டிலை உந்த விளையாட்டு வேண்டாம்.

சின்னச் சுத்தியலாலை பலகை முழுக்கத் தட்டிக்கொண்டு போம். நல்ல இடம் "டக்" எண்டு சொல்லும், ஊறின இடம் "பொத்" எண்டு சொல்லும். பிறகு உள்பக்கத்தாலை, தளத்துக்குக் கிட்டக் கீழ, 6 மில்லிமீற்றர் துரப்பணத்தாலை ரெண்டு மூண்டு ஓட்டை போடும். வாற தூளைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலை வைச்சு நசியும். வெளிர் நிறமாய்ப் பொருபொருத்தா மரம் தப்பியிருக்கு. கறுப்பாய், நசிக்க ஈரம் கசிஞ்சா வெட்டத்தான் வேணும்.

தளத்துக்குக் கீழ நீளமா ஓடுற மரச்சட்டங்களையும் அப்பிடியே பாரும். பின்பலகை ஊறினா அதுகளும் தப்பிறது குறைவு.

காரைநகர் வள்ளக்காரன்:
அண்ணை சொன்னது சரி. சீநோர் எண்ட போட் கட்டுற கம்பனி இருந்த காலத்திலையிருந்து எங்கட பக்கம் ஃபைபர் வேலை நடக்குது, இங்கையும் முதலிலை பின்பலகையைத்தான் தட்டிப் பாப்பினம்.

பொக்களத்துக்கு: ஒவ்வொண்டையும் நல்ல ஃபைபர் தெரியுமட்டும் அரைச்சுத் திறந்து, நல்ல தண்ணியாலை திரும்பத் திரும்பக் கழுவுங்கோ. உங்கட குருநகர்க் கிணத்துத் தண்ணி உவரெண்டால் அதாலை கழுவாதேங்கோ, உப்பு அங்கையே தங்கும். பிறகு காயவிடுங்கோ. காய்ஞ்சுதோ எண்டு பாக்க, தெளிவான பொலித்தீன் துண்டொண்டை நாலு பக்கமும் ரேப் ஒட்டி வெயில்லை விடுங்கோ. உள்பக்கம் வேர்த்தா இன்னும் ஈரம் இருக்கு. புட்டிக்கு அவசரப்படாதேங்கோ. மாரிக்கை உந்த வேலை சரிவராது, மாசி பங்குனி நல்லம்.

குருநகரான்:
ஓட்டை போட்டன். மேல்பக்கம் பரவாயில்லை, கீழ கறுப்புத் தூள்தான், கையிலை ஒட்டுது. அண்ணை, அந்த ஓட்டைகளாலை றெசினை (ஃபைபரை ஒட்டி இறுகிற பசையை) ஊத்தி இறுகவிட்டாச் சரிவராதோ? வெட்டிறதெண்டாப் பயமாக் கிடக்கு.

பாசையூர் ஃபைபர் வேலை:
வராது தம்பி. ஈரமரத்திலை றெசின் பிடிக்காது, உக்கின மரத்துக்குப் பலமும் திரும்பாது. உள்பக்கத்தாலை மட்டும் வெட்டும், வெளித்தோல் அப்பிடியே நிக்கட்டும். அதுதான் புதுப்பலகைக்கு அச்சு.

வெட்ட முதல் போட்டைப் பனங்குற்றியிலையும் பழைய ரயரிலையும் பல இடத்திலை தாங்கி வையும். ஒண்டு ரெண்டு இடத்திலை மட்டும் தாங்கினா, பலகை இல்லாத நேரம் உடம்பு கோணும். கோணினபடி புதுப்பலகையை ஒட்டினாப் பிறகு நிமிராது.

18 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட் ரெண்டை ஒட்டினா 36 வரும், 15 குதிரைவலுவுக்குக் காணும். விளிம்பெல்லாம் முதலே றெசின் குடிக்கவிடும். பழைய ஃபைபரோடை புதுசு சேருற இடத்தைச் சரிவா அரையும்: 6 மில்லிமீற்றர் தடிப்பெண்டாச் சரிவு 7 சென்ரிமீற்றராவது ஓடவேணும். செங்குத்தா விட்டு ஒட்டினா அந்த மூட்டுத்தான் முதலிலை விடும். 450 கிராம் மாட் (கண்ணாடி நார் விரிப்பு) ஒரு சதுர மீற்றருக்கு ஒரு கிலோ றெசின் போகும்.

ஹார்ட்னர், அதுதான் றெசினை இறுகவைக்கிற மருந்து, எங்கட வெயிலுக்கு றெசினிலை ஒரு வீதம் காணும், ரெண்டுக்கு மேலை போகாதையும். உச்சிவெயில்லை கலக்கவேண்டாம், கிடுகுக் கொட்டிலுக்குக் கீழ விடியப்பறம் செய்யும். ஒரேயடியா வாளி நிறையக் கலந்தா வாளியிலையே கொதிச்சு இறுகும். கோபால்ட் (இறுகிறதைக் கெதியாக்கிற மருந்து) தனியாத் தந்தா அதை முதலிலை றெசினுக்கை கலந்து முடிச்சிட்டு, பிறகுதான் ஹார்ட்னர். ரெண்டும் நேர முட்டினா நெருப்புப் பிடிக்கும், வெடிக்கவும் கூடும். ஹார்ட்னர் கண்ணிலை பட்டாக் கண்ணே போகும். கண்ணாடி போடாமல் போத்தலைத் திறக்காதையும். அரைக்கேக்கை நல்ல மாஸ்க், நீளக் கைச்சட்டை.

புது போல்ட் ஓட்டையைப் பெரிசாத் துளைச்சு, றெசின் களியாலை அடைச்சு, இறுகினாப் பிறகு நடுவிலை சரியான அளவுக்குத் துளையும். அப்ப போல்ட் மரத்திலை முட்டாது.

எஞ்சினை இன்னும் வாங்கேல்லை எண்டால், இப்பவே எஞ்சின்ர கால் (தண்ணிக்கை இறங்கிற தண்டு) நீளத்தை முடிவெடும். நீட்டுக்கால் எண்டாப் பலகை உயரம் கிட்டத்தட்ட 20 அங்குலம், கட்டைக்கால் எண்டா 15. பழைய பலகையின்ர உயரத்தையும் சரிவையும் வெட்ட முதலே ஹார்ட்போட்டிலை வெட்டி எடுத்து வையும். உக்கின பலகை துண்டு துண்டாத்தான் வரும், பிறகு அளக்க ஏலாது.