சர்க்கிள் காஸ்டிங்: ‘வட்டக்கட்டு’ பொருந்துமா?

விக்கா என்னும் நவீன மாந்திரிக சமயத்தில், சடங்குக்காகத் தம்மைச் சுற்றி ஒரு வட்டத்தை அமைத்துக்கொள்வதுதான் ‘சர்க்கிள் காஸ்டிங்’. இதில் வரும் ‘காஸ்டிங்’ என்பதைத் தமிழில் சிலர் ‘வட்டம் வார்த்தல்’ என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே உருக்கி ஊற்ற எதுவும் இல்லை. ‘வட்டமிடுதல்’ பருந்துக்குப் போய்விட்டது. ‘காப்பு வட்டம்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

———

> காப்பு வட்டம்

பாதிக்குத்தான் பொருந்தும். ஆவிகளை அழைக்கும் பழைய ஐரோப்பிய மந்திர நூல்களில் வட்டம் உள்ளே நிற்பவரைக் காக்கிறது. அழைக்கப்படும் ஆவிக்கு வெளியே தனியாக ஒரு முக்கோணம். அதைக் காப்பு வட்டம் என்றே சொல்லலாம். விக்காவைப் பரப்பிய ஆங்கிலேயர் ஜெரால்டு கார்ட்னரின் வழிவந்த மரபில் முதல் வேலை வேறு: உள்ளே எழுப்பும் ஆற்றல் சிதறாமல் தேக்கிவைப்பது. காவல் அதற்கு அடுத்ததுதான்.

இரண்டுக்கும் பொதுவாக ‘வட்டக்கட்டு’ என்பேன். அணைக்கட்டில் உள்ள ‘கட்டு’ தடுக்கவும் செய்கிறது, தேக்கவும் செய்கிறது. இன்னொரு லாபமும் உண்டு. ஆங்கிலத்தில் வட்டத்தை ‘ஓப்பன்’ செய்வது என்றால் சிலருக்குச் சடங்கின் தொடக்கம், சிலருக்கு முடிவு. கட்டு, அவிழ் என்றால் அந்தக் குழப்பமே வராது.

———

அப்படியானால் மற்றப் படிகளுக்கும் அதே குடும்பத்துச் சொல் வேண்டும்.

வரைதல்: மரபான விட்டம் 9 அடி. நாலரை அடியில் குறி வைத்த கயிற்றை நடுமுளையில் மாட்டி வரைவார்கள். முளையில் இறுக முடிந்துவிட்டால் கயிறு அதைச் சுற்றிக்கொண்டே குறுகும், கோடு தொடங்கிய இடத்துக்கு வந்து சேராது. தளர்ந்த கண்ணியாக மாட்ட வேண்டும். வரைந்தது இன்னும் கட்டு ஆகவில்லை. இந்த வேறுபாடு நம் சொற்களில் தெரிந்தாக வேண்டும்.

கட்டுதல்: கிழக்கில் (சிலர் வடக்கில்) தொடங்கி, கருங்கைப்பிடிக் கத்தியின் முனையைக் கோட்டின் மேல் நீட்டியபடி வலஞ்சுழியாக ஒரு சுற்று. தொடங்கிய புள்ளியைச் சற்றே தாண்டி முடிக்க வேண்டும். புதியவர்கள் அங்கேதான் இடைவெளி விடுவார்கள். திசைகாட்டியைப் பார்க்கும்போது கத்தி தள்ளியே இருக்கட்டும், எஃகு ஊசியைத் திருப்பிவிடும்.

இறுக்குதல்: ‘வலுவூட்டல்’ என்றால் ஊட்டச்சத்து விளம்பரம் போல இருக்கிறது. கட்டை இறுக்குவதுதானே தமிழ்! அதே கோட்டில் உப்புநீர் தெளித்து ஒரு சுற்று, புகைக்கலத்தோடு ஒரு சுற்று. பிறகு நாற்றிசை அழைப்பு: கிழக்கே காற்று, தெற்கே நெருப்பு, மேற்கே நீர், வடக்கே மண். உப்பையே கோடாகக் கொட்டினால் புல்தரை கருகும். வெளியிடத்தில் கயிறு போதும். புகைக்கலத்தில் கரிக்கு அடியில் மணல் பரப்பாவிட்டால் சுற்று முடியுமுன் கை சுடும்.

வாயில்: இடையில் வெளியே போக நேர்ந்தால் கத்தியால் வெட்டித் திறப்பது, பெரும்பாலும் வடகிழக்கில். தாண்டியதும் மூட வேண்டும். மூட மறந்தால் கட்டு தளர்ந்ததாகக் கொண்டு மறுபடி இறுக்குவார்கள். பூனைக்கு வாயில் தேவையில்லை என்பது இவர்களிடையே பழகிய பேச்சு.

அவிழ்த்தல்: திசைகளுக்கு விடைகொடுத்து, பலரும் இடஞ்சுழியாகச் சுற்றி முடிப்பார்கள்.

———

‘இறுக்குதல்’ அருமை. ‘வட்டம்’ மட்டும் உறுத்துகிறது. தரையில் இருப்பது கோடு. மனத்தில் கட்டுவதோ தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் மூடிய கோளம். ‘கோளக்கட்டு’ துல்லியம்தான், ஆனால் கோள் என்றதும் கிரகம் வந்து நிற்கும். வட்டக்கட்டே இருக்கட்டும்.

> வலஞ்சுழியாக

இதில் சிக்கல் இருக்கிறது. சுற்றும் திசைக்கு விக்காவில் வழங்கும் சொல் ‘டியோசில்’; அதன் கருத்து சூரியன் போகும் வழி. வட அரைக்கோளத்தில் அது வலஞ்சுழி. தென் அரைக்கோளத்தில் சூரியன் வடவானில் இடஞ்சுழியாகப் போகிறது. அங்குள்ளவர்களில் பலர் சுற்றையும் மாற்றி, நெருப்பையும் வடக்கே வைக்கிறார்கள். வலஞ்சுழி என்று எழுதினால் அவர்கள் தலைகீழாகக் கட்ட நேரும். ‘கதிர்வழி’ என்றால் எங்கும் பொருந்தும்.

———

கதிர்வழிக்கு என் ஆதரவு. எதிர்ச்சொல்தான் இடிக்கிறது: ‘எதிர்க்கதிர்’ இயற்பியல் பாடமாகிவிடும். ‘கதிர்மாறு’ எப்படி?