லினக்ஸ் கணினியின் இணைப்பைப் பகிர்ந்தால் இரண்டாவது கணினிக்கு மட்டும் இணையம் வருவதில்லை

கேள்வி:

வணக்கம். வீட்டு ரூட்டர் பழுதாகிவிட்டதால் ஃபைபர் மோடத்தைப் பிரிட்ஜ் முறைக்கு (மோடம் தானே இணையாமல் கணினியை இணையவிடும் முறை) மாற்றி, டெபியன் 12 என்ற லினக்ஸ் நிறுவியுள்ள என் கணினியிலிருந்தே பிபிபிஓஇ (பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துச் சேவை வழங்குநருடன் இணையும் முறை) வழியாக இணைந்துகொள்கிறேன். அதில் இணையம் ஒரு குறையுமின்றி வருகிறது. அதே கணினியின் இரண்டாவது லேன் கார்டிலிருந்து ஒரு கம்பியைத் தங்கையின் கணினிக்கு இழுத்து, நெட்வொர்க்மேனேஜர் என்ற இணைப்பு மேலாண்மை நிரலில் அந்த இணைப்பின் ஐபிவி4 அமைப்பை 'மற்ற கணினிகளுடன் பகிர்' என்று வைத்திருக்கிறேன்.

தங்கையின் கணினிக்கு 10.42.0.57 என்ற முகவரி தானாகக் கிடைக்கிறது. அங்கிருந்து 10.42.0.1 என்ற என் கணினியின் முகவரிக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) போகிறது. ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதற்குரிய ஐபி முகவரியும் வருகிறது. ஆனால் எந்தத் தளமும் திறப்பதில்லை, இணையத்தில் உள்ள 8.8.8.8 என்ற முகவரிக்கு பிங் அனுப்பினால் பதிலே இல்லை. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் ஐபி ஃபார்வர்டிங் (ஒரு கார்டில் வருவதை மற்றொன்றுக்குக் கடத்துவது) மதிப்பு 1, அதாவது இயக்கத்தில், என்றுதான் இருக்கிறது. தங்கை இந்த வாரத்துக்குள் கல்லூரிப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். எங்கே தேடுவது என்று வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1:

வணக்கம் நண்பரே. பெயர் முகவரியாக மாறுவதை வைத்து, தங்கையின் கணினி வெளியுலகை எட்டிவிட்டது என்று கொள்ள வேண்டாம். பகிர்வை இயக்கியதும் நெட்வொர்க்மேனேஜர் உங்கள் கணினியில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரலை ஓடவிடுகிறது. முகவரி வழங்குவதும் பெயர்த் தேடலுக்குப் பதில் சொல்வதும் அதன் வேலை. அந்தத் தேடலை உங்கள் கணினியே தன் பொறுப்பில் வெளியே கேட்டு வாங்கித் தருகிறது. தங்கையின் கணினியிலிருந்து கிளம்பும் பாக்கெட் (தரவுத் துண்டு) உங்கள் கணினியைக் கடக்கிறதா என்பதுதான் இப்போது பார்க்க வேண்டியது.

அங்கிருந்து 8.8.8.8க்கு பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே, உங்கள் கணினியில் இரண்டு முனையங்களைத் திறந்து, ஒன்றில் லேன் கார்டையும் மற்றொன்றில் இணையத்துக்குப் போகும் பிபிபி இடைமுகத்தையும், பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் நிரல் கொண்டு கவனியுங்கள். லேன் பக்கம் தெரியும் பாக்கெட் பிபிபி பக்கம் தெரியாவிட்டால், இடையில் ஃபயர்வால் தடுக்கிறது என்று பொருள். அப்படியானால் ஐபிடேபிள்ஸ் என்ற ஃபயர்வாலின் ஃபார்வர்டு சங்கிலியை (கணினியைக் கடந்துபோகும் பாக்கெட்டுகளுக்கான விதிப்பட்டியல்) எண்ணிக்கைகளோடு பட்டியலிட்டு, அதன் இயல்புக் கொள்கை (எந்த விதிக்கும் பொருந்தாதவற்றை என்ன செய்வது என்பது) என்ன என்று சொல்லுங்கள். டாக்கர் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டகங்களில் ஓட்டும் மென்பொருள்) நிறுவியிருக்கிறீர்களா என்பதையும் தெரிவியுங்கள்.

கேட்டவர்:

நீங்கள் ஐயப்பட்டபடியே இருக்கிறது ஐயா. லேன் பக்கம் ஒவ்வொரு பிங்கும் தெரிகிறது, பிபிபி பக்கம் ஒன்றுகூட இல்லை. ஃபார்வர்டு சங்கிலியின் கொள்கை 'ட்ராப்', அதாவது கைவிடு. தங்கையை மூன்று பிங் மட்டும் அனுப்பச் சொல்லிவிட்டு மீண்டும் பட்டியலிட்டேன். கொள்கைக்கு எதிரே இருந்த எண் சரியாக மூன்று கூடியிருந்தது. பாடத்துக்காக டாக்கர் நிறுவியிருக்கிறேன். ஆனால் பகிர்வுக்கான அனுமதி விதிகளை நெட்வொர்க்மேனேஜர் தானே எழுதிக்கொள்ளும் என்று படித்தேனே?

மறுமொழி 1:

எழுதத்தான் செய்கிறது, ஆனால் வேறோர் இடத்தில். உங்கள் பதிப்பில் அது என்எஃப்டேபிள்ஸ் என்ற ஃபயர்வால் அமைப்பில் தனக்கென ஓர் அட்டவணையை உருவாக்கி, அங்கே அனுமதியையும் முகவரி மாற்றத்தையும் (உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றுவது) வைக்கிறது. டாக்கரோ, ஐபி ஃபார்வர்டிங்கைத் தானே இயக்க நேரும்போது, ஃபார்வர்டு சங்கிலியின் கொள்கையை 'ட்ராப்' என்று மாற்றிவிடுகிறது. கெர்னலில் ஒரு பாக்கெட் இரண்டு அட்டவணைகளையும் கடந்தாக வேண்டும். ஓர் அட்டவணையில் கிடைத்த அனுமதி மற்றொன்றைக் கட்டுப்படுத்தாது, ஆனால் எங்கே தடை விழுந்தாலும் பாக்கெட்டின் கதை அங்கேயே முடிந்துவிடும்.

ஃபார்வர்டு கொள்கையையே 'அக்செப்ட்' (அனுமதி) ஆக்கிவிடச் சொல்லிப் பலர் எழுதுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். இணையத்தை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருப்பது இப்போது உங்கள் கணினிதான். ரூட்டர் செய்துவந்த காவலையும் அதுவே செய்ய வேண்டும். பயனர் விதிகளுக்கென்றே டாக்கர் ஒதுக்கியிருக்கும் 'டாக்கர்-யூசர்' சங்கிலியில் இரண்டு விதிகளைச் சேருங்கள். லேன் கார்டில் நுழைந்து பிபிபி வழியாக வெளியேறுபவற்றுக்கு அனுமதி என்பது ஒன்று. பிபிபி வழியாக வந்து லேன் கார்டுக்குப் போகும் பாக்கெட்டுகளில், ஏற்கெனவே தொடங்கிய உரையாடலைச் சேர்ந்தவற்றுக்கு மட்டும் அனுமதி என்பது மற்றொன்று.

கேட்டவர்:

மிக்க நன்றி ஐயா. விதிகளைச் சேர்த்த நொடியே பிங் போய்விட்டது, சில தளங்களும் திறக்கின்றன. ஆனால் கல்லூரித் தளத்தில் தாவலில் பெயர் வந்ததோடு சரி, பக்கம் வெள்ளையாகவே நிற்கிறது. என் கணினியில் அதே தளம் உடனே திறக்கிறது.

மறுமொழி 2:

இது வேறொரு சிக்கல். ஃபயர்வாலை மேலும் கிளற வேண்டாம். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவான எம்டியூ 1500 பைட். பிபிபிஓஇ தன் தலைப்புக்கு 8 பைட்டை எடுத்துக்கொள்வதால், உங்கள் இணைப்பில் 1492 தான் மிஞ்சுகிறது. உங்கள் கணினிக்கு இது தெரியும், எனவே அது தொடங்கும் இணைப்புகளில் எம்எஸ்எஸ் மதிப்பை (ஒரு பாக்கெட்டில் தலைப்புகள் போக ஏற்கும் உச்சத் தரவு அளவு) 1452 என்று அறிவிக்கிறது. தங்கையின் கணினியோ வெறும் ஈதர்நெட்டை மட்டுமே பார்த்து 1460 என்று அறிவிக்கிறது. அதை நம்பித் தளம் முழு அளவுப் பாக்கெட்டை அனுப்ப, அது சேவை வழங்குநரின் முனையில் நுழைய முடியாமல் நிற்கிறது. 'அளவைக் குறை' என்று அங்கிருந்து போகும் ஐசிஎம்பி செய்தி வழியில் எங்காவது தடுக்கப்பட்டால், தளம் அதே அளவையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். சிறிய பதில்கள் வந்துசேர்வதும் பெரிய பக்கம் வெள்ளையாக நிற்பதும் இதனால்தான்.

உறுதி செய்துகொள்ள, தங்கையின் கணினியிலிருந்து துண்டாக்கத் தடை விதித்து 1464 பைட் அளவில் பிங் அனுப்புங்கள். தலைப்புகளுக்கான 28 பைட்டைச் சேர்த்தால் 1492 ஆகும். அது போக வேண்டும். 1472 போகக்கூடாது. அப்படியே நடந்தால், பாக்கெட்டுகளைத் திருத்துவதற்கான மாங்கிள் அட்டவணையின் ஃபார்வர்டு சங்கிலியில், டிசிபி இணைப்பைத் தொடங்கும் பாக்கெட்டுகளின் எம்எஸ்எஸ் மதிப்பைப் பாதையின் எம்டியூவுக்கு ஏற்பக் குறைக்கும் விதியைச் சேருங்கள். தங்கையின் கணினியில் எம்டியூவை 1492 என்று மாற்றினாலும் தீரும். ஆனால் நாளை வேறொரு கணினியை இணைத்தால் அதிலும் மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், பகிரும் கணினியிலேயே சரிசெய்வதுதான் முறை.

கேட்டவர்:

1464 போனது, 1472 திரும்பிவிட்டது. விதியைச் சேர்த்ததும் கல்லூரித் தளம் முழுமையாகத் திறந்தது. தங்கை படிவத்தை நிரப்பி அனுப்பியும்விட்டாள். கணினியை மறுதொடக்கம் செய்தபோது மூன்று விதிகளும் மறைந்துபோயின. ஆகவே அவற்றை ஒரு சிறு ஸ்கிரிப்டில் எழுதி, டாக்கர் கிளம்பிய பின்னரே ஓடும் சிஸ்டம்டி (கணினி தொடங்கும்போது சேவைகளை இயக்கும் நிரல்) சேவையாக வைத்தேன். இரண்டு முறை அணைத்து எழுப்பிப் பார்த்துவிட்டேன், பகிர்வு நிற்கவில்லை. இருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.