அக்காவுக்கு விதவை பென்ஷன் ரிஜெக்ட் ஆயிடுச்சு, அந்த 20,000 எங்க கேக்கணும்? அவசரம்

மணல்வீடு: வணக்கம். அத்தான் தவறி ரெண்டு மாசம் ஆகுது, அக்காவுக்கு ரெண்டு சின்னப் பசங்க, இ-சேவையில பென்ஷனுக்கு போட்டோம், நேத்து ரிஜெக்ட்னு மெசேஜ் வந்துருச்சு. ஒரே தடவையா 20,000 குடுப்பாங்கன்னு வேற சொல்றாங்க, அது எங்க போய் கேக்கணும்? வாடகை ரெண்டு மாசம் நிக்குது. தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்

தெருக்கோடி: தமிழ்நாடா புதுச்சேரியா? அக்கா வயசு? அத்தான் வயசு? என்ன காரணம் போட்டிருக்கு?

பட்டன்போன்: கண்ண மூடிக்கிட்டு சொல்றேன், ஆதார் பேங்க் லிங்க் பிரச்சனைதான். கடைசியா எந்த அக்கவுண்ட்ல ஆதார் சேத்தீங்களோ அங்கதான் அரசாங்கப் பணம் போகும். எங்க பெரியம்மா பணம் ஆறு மாசமா குழு லோனுக்கு தொறந்த அக்கவுண்ட்ல தூங்குச்சு.

தெருக்கோடி: அது சாங்ஷன் ஆனப்புறம் பணம் வராததுக்கு சார். இங்க மனுவே தள்ளுபடி.

பட்டன்போன்: எதுக்கும் ஒருவாட்டி பாக்கச் சொல்லுங்க, காசா பணமா

பழையதாலுகா: தம்பி, வாரத்துக்கு நாலு பேர் இப்படித்தான் வர்றீங்க, ஒரு விவரமும் சொல்லாம கேட்டா நான் என்ன ஜோசியமா பாக்க முடியும். அநேகமா நீங்க ஆதரவற்ற விதவை சான்றிதழுக்கு போட்டிருப்பீங்க. அது கோட்டாட்சியர் குடுக்கறது, வேலை முன்னுரிமைக்கு. பென்ஷன் வேற, அதுக்கு தனி தாசில்தார். இந்த வித்தியாசம் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் கேளுங்க.

நெல்லிமரம்: கூடப்பிறந்த தம்பி நீங்க இருக்கீங்களே, அப்புறம் எப்படி "ஆதரவற்ற"? அதுலதான் தட்டியிருப்பாங்க.

கடுகு: தம்பி இருந்தா ஆதரவா? அவருக்கே குடும்பம் இருக்கும். இன்னொண்ணு, கைம்பெண்ணுன்னு எழுதலாமே, தலைப்புலயே விதவை விதவைன்னு

நெல்லிமரம்: ஃபார்ம்ல இருக்கறத தானே எழுதுவாரு. நீங்க கைம்பெண்ணுன்னு எழுதிக் குடுத்தா கவுண்டர்ல திருப்பி அனுப்பிடுவாங்க.

கடுகு: ஃபார்ம்ல இருக்குன்னா சரியாயிடுமா? எங்கம்மா இந்த வார்த்தைய ஒவ்வொரு கவுண்டர்லயும் கேட்டு கேட்டு வீட்டுக்கு வந்து அழுவாங்க.

நெல்லிமரம்: மன்னிச்சிடுங்க. நான் வார்த்தைக்காக சொல்லல, மனு ஓடணுமேன்னுதான்.

மணல்வீடு: சாரி வேலைல இருந்தேன். தமிழ்நாடுதான். அக்கா 36, அத்தான் 43, கொத்தனார், மாரடைப்பு. ரசீதுல இந்திரா காந்தி தேசிய விதவையர் ஓய்வூதியம்னு இருக்கு. காரணம் "தகுதி இல்லை" அவ்ளோதான்

தெருக்கோடி: இத மொதல்லயே போட்டிருக்கலாமேங்க 🙂 அந்த ஸ்கீமுக்கு 40 வயசு ஆகணும், அக்காவுக்கு 36. இ-சேவையில லிஸ்ட்ல மேல இருந்தத அமுக்கிட்டாங்க போல. மாநில அரசோட ஆதரவற்ற விதவை ஓய்வூதியம்னு தனியா இருக்கும், அதுக்கு 18 முடிஞ்சிருந்தா போதும். ரெண்டுலயும் 2023 ஆகஸ்ட்ல இருந்து மாசம் 1,200. புதுசா போடுங்க, ரசீது வாங்குறப்பவே ஸ்கீம் பேர படிச்சுப் பாருங்க. அக்கா மகளிர் உரிமைத்தொகை 1,000 வாங்குறாங்களா? ஒரே ஆளுக்கு ரெண்டும் வராது, அதையும் மனசுல வச்சுக்கோங்க.

அந்த 20,000 தேசிய குடும்ப நல உதவித் திட்டம். சம்பாதிக்கிற ஆள் 18லருந்து 59 வயசுக்குள்ள இறந்திருக்கணும், வறுமைக்கோட்டுக்குக் கீழ உள்ள குடும்பமா இருக்கணும். இயற்கை மரணம்னாலும் உண்டு. தாலுகா ஆபீஸ்ல கேளுங்க, இறப்புச் சான்று வாரிசுச் சான்று ரெண்டும் கையோட கொண்டு போங்க. வாரிசுச் சான்றுதான் இழுக்கும், இன்னைக்கே போட்டுடுங்க.

பழையதாலுகா: தப்பான எடத்துல போட்டிருக்கீங்கன்னு நானும் அதைத்தான் சொன்னேன்.

கடுகு: 😐

பட்டன்போன்: கொத்தனார்னா கட்டுமான நலவாரிய கார்டு இருக்கான்னு பீரோவ தேடுங்க. இருந்து, ரினியூவலும் உயிரோட இருந்தா அங்கயும் மரண உதவி கேக்கலாம். அப்புறம் அத்தானோட பேங்க் பாஸ்புக்க என்ட்ரி போட்டு மே, ஜூன் மாசத்துல 436 ரூபா புடிச்சிருக்கான்னு பாருங்க. பிரதமர் ஜீவன் ஜோதி இன்சூரன்ஸ் அது, எந்தக் காரணத்துல இறந்தாலும் நாமினிக்கு 2 லட்சம். அக்கவுண்ட் தொறக்கறப்ப கையெழுத்து வாங்கிடுவாங்க, வீட்ல யாருக்கும் தெரியாது.

நெல்லிமரம்: அது 20 ரூபாதானே?

பட்டன்போன்: 20 ரூபா விபத்துக்கு மட்டும். மாரடைப்புக்கு வராது. 436தான் வேணும்.

*(நாலு நாள் கழிச்சு)*

தெருக்கோடி: மணல்வீடு, என்னாச்சு?

மணல்வீடு: வாரிசு சான்று போட்டாச்சு, பென்ஷனும் புதுசா போட்டாச்சு. நலவாரிய கார்டு போன வருஷமே முடிஞ்சு போச்சு. பாஸ்புக்ல 436 இருக்கு, ஜூன் 1. நாமினி எடத்துல அத்தானோட அம்மா பேரு

பட்டன்போன்: அம்மா இருக்காங்களா?

மணல்வீடு: இருக்காங்க. அக்காவோட பேச்சு இல்ல