அண்டி ஆபீசும் அபிஷேகப்பட்டியும்: மேலாண்மையில் என் பிஎச்டி அனுபவம்

குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டே பகுதி நேரமாக பிஎச்டி செய்ய நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது விதிமுறைகளைத்தான். அதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்ல வந்தது வேறு.

இப்போது நடப்பில் இருப்பது யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) 2022 விதிகள். முதுகலையில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு. குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் கூடுதலாக இரண்டு, பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு வருடச் சலுகை. பிரசவ விடுப்பு 240 நாள் வரை உண்டு. கோர்ஸ்வொர்க், அதாவது ஆய்வோடு சேர்த்துப் படித்துத் தேற வேண்டிய பாடங்கள், 12 முதல் 16 கிரெடிட். நான் சேர்ந்தது 2016 விதிகளின்படி. அப்போது ஆய்வேடு கொடுக்கும் முன் ஒரு ஆய்விதழ்க் கட்டுரையும் இரண்டு கருத்தரங்கக் கட்டுரைகளும் கட்டாயம். 2022 விதிகளில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் பல்கலைக்கழகம் தன் அளவில் கேட்கலாம், சேரும்போதே விசாரித்துவிடுங்கள்.

பகுதி நேரம் என்றால் வேலை பார்க்கும் இடத்தில் தடையில்லாச் சான்று வேண்டும். 'கோர்ஸ்வொர்க் முடிக்கத் தேவைப்பட்டால் பணியில் இருந்து விடுவிப்போம்' என்று அதில் ஒரு வரி இருக்க வேண்டும். நான் அப்போது இருந்த சுயநிதிக் கல்லூரி அந்த ஒரு வரிக்காக மாதக்கணக்கில் இழுத்தடித்தது. எங்கள் துறைத் தலைவர் நேரில் போய் உட்கார்ந்து பேசிய பிறகுதான் கையெழுத்து விழுந்தது. அவருக்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

பதிவு செய்தது மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில். 1990இல் தென்மாவட்டங்களுக்காக வந்த பல்கலைக்கழகம். வடசேரியில் பஸ் ஏறி, முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டி, திருநெல்வேலி புதிய பஸ் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து தென்காசி ரோட்டில் அபிஷேகப்பட்டி. போக வர ஒரு முழு நாள். கைடு மேடம் அதைப் புரிந்துகொண்டு, நான் வருகிற நாளில் வேறு வேலை வைத்துக்கொள்ள மாட்டார்.

தலைப்பு விஷயத்திலும் அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் 'சோத்கங்கா' இணையதளத்தில் இருக்கிறவற்றைப் படித்துவிட்டு வா என்று அனுப்பினார். பணி மனநிறைவு பற்றி மட்டும் அதில் குவிந்து கிடக்கிறது. வங்கி, ஐடி, கல்லூரி, மருத்துவமனை என்று இடம்தான் மாறுகிறது, கேள்வித்தாள் பெரும்பாலும் ஒன்றே. "உங்க ஊர்ல எதப் பாத்தா உனக்குக் கேள்வி வருது?" என்று கேட்டார். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. என் அத்தை அண்டி ஆபீசில் வேலை பார்த்தவர்.

வெளியூர்க்காரர்களுக்காக: முந்திரி ஆலையைத்தான் எங்கள் பக்கம் அண்டி ஆபீஸ் என்போம். மார்த்தாண்டம், கருங்கல், களியக்காவிளை பக்கம் நிறைய உண்டு. வேலை பார்ப்பவர்கள் அநேகமாகப் பெண்கள். ஓடு உடைக்கும் தல்லு, தொலி உரிப்பு, தரம்பிரிப்பு எல்லாம் அவர்கள் கையில். நான் எடுத்துக்கொண்ட கேள்வி, இவர்கள் ஏன் ஒரு ஆபீசை விட்டு இன்னொன்றுக்குப் போகிறார்கள் என்பது.

ஆலைக்குள் வைத்துக் கேட்டால் எதுவும் கிடைக்காது. சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது எல்லாக் கேள்விக்கும் "நல்லாயிருக்கு" தான். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் முடிந்து அவர்கள் வீட்டுக்கு வந்த பிறகு போனேன். ஒரு அக்கா, ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட ஐந்து கட்டம் போட்ட என் தாளைப் பார்த்துவிட்டு, "ஒனக்கு எத்தன வேணும் பிள்ளே? அஞ்சு போட்டா ஒனக்கு ஒத்தாசயா இருக்குமெண்ணா அஞ்சே போட்டுக்கோ" என்றார். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் அந்தப் பாசத்தில் வருகிற ஐந்தை எஸ்பிஎஸ்எஸ் என்கிற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றினால் அது என்ன தரவு? அன்றே தாளை மடித்து வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தேன்.

அவர் விரல்களைக் காட்டினார். ஓட்டில் இருக்கும் பால் பட்டுப் பட்டு நுனித் தோல் கறுத்து, ரேகை தேய்ந்து போயிருந்தது. ரேஷன் கடை மிஷினில் கைரேகை விழவில்லை என்று பலமுறை திரும்பி வந்திருக்கிறார். வேலைக்கு வராத நாட்களுக்குக் காரணம் கேட்டு நான் கொடுத்திருந்த பட்டியலில் உடல்நலம், குடும்பம், போக்குவரத்து என்று இருந்தது. ரேஷன் கடைக்கு இரண்டாம் முறை போவதற்கு அதில் இடமே கிடையாது.

அதே வீட்டில் அவர் மகள் தரம்பிரிப்பில் இருந்தார். ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு நின்றால் டபிள்யூ 320 என்கிற ரகம். தராசு இல்லாமல், எண்ணாமல், கையில் அள்ளின மாத்திரத்தில் 240 எது, 320 எது என்று அந்தப் பெண் பிரித்துப் போடுகிறார். எங்கள் பாடநூல் பாகுபாட்டில் இவர் 'திறனற்ற தொழிலாளி'. அந்தச் சொல்லை என் ஆய்வேட்டில் ஒரு இடத்திலும் நான் எழுதவில்லை.

பேசப் பேசத் தெரிந்தது இது. கிலோவுக்கு என்ன கூலி என்பதைவிட, வேலை தொடர்ந்து கிடைக்குமா என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். பச்சை அண்டி (ஓடு உடைக்காத முந்திரிக்கொட்டை) பெரும்பாலும் ஆப்பிரிக்க நாடுகளில் இருந்து கப்பலில் வருகிறது. சரக்கு வராவிட்டால் ஆபீஸ் பூட்டிக் கிடக்கும். பூட்டப்போவதை முன்கூட்டியே சொல்கிற முதலாளியிடம் கூலி கொஞ்சம் குறைந்தாலும் நிற்கிறார்கள். இதைக் கேட்க எந்த ரெடிமேட் கேள்வித்தாளிலும் ஒரு வரி கிடையாது. பதவி உயர்வு பற்றிய கேள்விகளை எடுத்துவிட்டு, இவர்கள் பேச்சில் வந்தவற்றையே கேள்வியாக்கி, சிலரிடம் மட்டும் பைலட் ஸ்டடி நடத்தி, கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா 0.7க்கு மேல் வந்த பிறகுதான் முழு சர்வேக்குப் போனேன். ஆய்வுக் கமிட்டியில் ஒருவர் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்ட அளவுகோலை ஏன் மாற்றினாய் என்று வற்புறுத்திக் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். பைலட் முடிவுகளை முன்னால் வைத்ததும் ஒப்புக்கொண்டார்.

எத்தனை பேரிடம் கேட்பது என்பது பற்றியும் சொல்ல வேண்டும். மேலாண்மை ஆய்வேடுகளில் 384 என்ற எண் அடிக்கடி கண்ணில் படும். 1970இல் கிரெஜ்சியும் மார்கனும் போட்ட அட்டவணையில் இருந்து வருவது. ஆய்வுக்குரிய மொத்த ஆட்கள் பத்து லட்சமானாலும் அதில் 384 தான். ஆனால் அந்தக் கணக்கு, குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்தால்தான் பொருந்தும். தெரிந்தவர்களிடம் தாளை நீட்டி 384 பேரைச் சேர்த்துவிட்டு அட்டவணையை மேற்கோள் காட்டுவதில் பொருளே இல்லை. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பார்கள், தயாராகப் போங்கள்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயம் ஒன்று உண்டு. தாள்களை நிரப்பிக் கொடுக்க ஆள், அத்தியாயம் எழுதித் தர ஆள், பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரை போடும் ஆய்விதழ் எல்லாம் இப்போது சுலபமாகக் கிடைக்கிறது. எனக்கும் ஒருவர் விலை சொன்னார். நம்பத்தக்க ஆய்விதழ்கள் எவை என்று சொல்ல யுஜிசி வைத்திருந்த கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் எடுக்கப்பட்டுவிட்டது, ஆகவே எந்த இதழ் நல்லது என்று பார்க்கிற பொறுப்பு நம் தலையில். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நேரத்தை எனக்காக விட்டுக்கொடுத்த பெண்களின் இடத்தில் நாமே தாளை நிரப்பினால், அது அவர்களுக்குச் செய்கிற துரோகம்.

நம்ம மாவட்டத்தில் மேலாண்மை ஆய்வுக்கு விஷயம் கொட்டிக் கிடக்கிறது. தோவாளைப் பூச்சந்தையில் விடியுமுன் விலை எப்படி நிற்கிறது, ரப்பர் பால்வெட்டுக்கு ஏன் ஆள் கிடைக்கவில்லை, 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு மார்த்தாண்டம் தேன் விற்பவர் கையில் கூடுதலாக ஏதாவது நின்றதா. யாராவது எடுத்துச் செய்யுங்கள். என் கேள்வித்தாளின் தமிழ் வடிவமும் பைலட் குறிப்புகளும் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்பித் தருகிறேன்.