முன்துண்டு கழலாத புரோட்டியேஸ்: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தஞ்சாவூர் அருகே வைக்கோல் போரடியில் எடுத்த ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் அஸ்பார்டிக் புரோட்டியேஸ் (புரதங்களை வெட்டும் நொதி) இது. வினைமையத்தில் (வெட்டும் வேலை நடக்கும் இடத்தில்) உள்ள இரண்டு அஸ்பார்டிக் அமிலங்களில் ஒன்றை (பெப்சின் எண்வரிசையில் 32) அலனினாக மாற்றினோம். பிக்கியா ஈஸ்ட் புரதத்தை நன்றாகவே சுரக்கிறது. ஆனால் புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் பட்டை இயல்பு (மாற்றாத) நொதியைவிட மேலேயே நிற்கிறது, அதாவது முன்துண்டு (நொதி செயல்படுமுன் கழல வேண்டிய தொடக்கப் பகுதி) கழலவில்லை. பிஎச் 3-இல் ஹீமோகுளோபினைத் துளியும் செரிக்கவில்லை.

செயலிழப்பு மாற்றத்தாலா, முன்துண்டு மையத்தை மூடியிருப்பதாலா? இதைப் பிரித்துக் காட்டாமல் எந்த மதிப்பீட்டாளரும் விடமாட்டார். மரபணு வரிசையைச் சரிபார்த்தாயிற்று. அமிலத்தில் ஊறவைத்தும் பட்டை இறங்கவில்லை. இயல்பு நொதியைச் சிறிது சேர்த்தால் இறங்குகிறது, ஆனால் அதன் செயல்பாடும் கணக்கில் ஏறிவிடுகிறது. இவ்வகை நொதிகளை அடக்கும் பெப்ஸ்டாட்டினும் உதவாது, இயல்பு நொதி, மாற்றிய நொதி இரண்டையும் சேர்த்தே அடைக்கக்கூடியது. பொங்கலுக்குள் ஆய்வேடு கொடுக்க வேண்டும்.

முன்துண்டை வெட்டியபின் தனியாக அடக்கிவிடக்கூடிய வேறு வகைப் புரோட்டியேஸ் எதையாவது இதற்குப் பயன்படுத்தியிருக்கிறீர்களா?